தக தக... தகிட தகிட!

முப்பத்திரண்டு வயசு வரைக்கும் நான் ஏறி உட்கார்ந்த ஒரே குதிரை, மாரியம்மன் திருவிழா ராட்டினத்தில் சுற்றிய மரக்குதிரைதான். அதுக்கு வாலும் கிடையாது, கோபமும் கிடையாது. ஐந்து நிமிஷம் சுற்றிவிட்டுத் தானே நின்றுவிடும்.

நிஜக் குதிரை என் வாழ்க்கையில் குறுக்கே வந்தது 2018 டிசம்பரில், கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில். அக்கா பெண்ணுக்கு ஆறு வயசு. "மாமா, நீ ஏறினாத்தான் நானும் ஏறுவேன்" என்று ஒரே அடம். ஏறினேன். குதிரை நாலே நாலு அடிதான் எடுத்து வைத்தது. "பாய்! நிறுத்துங்க பாய்!" என்று நான் போட்ட கூச்சல், அலைச் சத்தத்தையும் தாண்டிப்போய், பஜ்ஜிக் கடை ஓரமாக நின்றிருந்த எங்கள் ஆபீஸ் கேஷியர் காதில் விழுந்து தொலைத்தது.

திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழைந்ததும் செக்‌ஷன் மொத்தமும் எழுந்து நின்றது. "ராஜா தேசிங்கு வருகிறார், பராக்!"

செஞ்சி தேசிங்கு பாவம் சார். ஆற்காட்டு நவாபை எதிர்த்து 1714-ல் போரில் செத்தபோது அவருக்கு இருபத்தி சொச்சம் வயசு. முரட்டுக் குதிரையை அடக்கிய வீரன் என்று முந்நூறு வருஷமாகக் கதைப் பாட்டில் வாழ்கிற ஒருத்தர் பெயரை, பஜ்ஜிக் கடை சாட்சியாக எனக்குச் சூட்டியது அவருக்கே அவமானம். அதைத் துடைக்கணும் என்று முடிவு பண்ணினேன். (அவருக்காகத்தான். சத்தியமாக எனக்காக இல்லை!)

அடுத்த ஞாயிறு, விடியற்காலை ஐந்தரை மணிக்கே பீச்சில் ஆஜர். பாய்க்கு அறுபது வயசு இருக்கும். குதிரை பேர் ராணி. செம்பட்டை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"சவாரி கத்துக்கணும் பாய்."

மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல பின்பக்கமா வந்து நிக்காதீங்க தம்பி. அதுக்கு நேர் பின்னால கண்ணு தெரியாது. யாரோன்னு நெனச்சு ஒண்ணு விட்டா, நேரா ஜி.ஹெச்.தான்."

இடது பக்கமாக ஏறணும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்கப்பா அப்படித்தான் ஏறுவாரு" என்றார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து வீரர்களுக்கு இடது இடுப்பில் வாள் தொங்கும். வலது பக்கமாக ஏறினால் வாளைத் தூக்கிக் குதிரை முதுகுக்கு மேலே சுற்ற வேண்டும். எனக்கு இடுப்பில் தொங்கியது ஆபீஸ் சாவிக்கொத்து மட்டும்தான். இருந்தாலும் இடது பக்கமாகவே ஏறினேன்.

அங்கவடியில் பாதத்தின் முன்பாதி மட்டும் பதியணும், குதிகால் கீழே இறங்கணும். காது, தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் ஒரே தூக்குநூலில் இருக்கணும். பார்வை ராணியின் இரண்டு காதுக்கும் நடுவே, தூரத்தில். தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவோம். லகானைப் பிடித்துத் தொங்கக் கூடாது, அந்தப் பக்கம் இரும்பு இருப்பது அதன் வாய்க்குள்ளே. இதெல்லாம் இரண்டே நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள்தான் விஷயத்துக்கு வந்தார்.

"கண்ணை மூடுங்க. இப்ப எத்தனை சத்தம் கேக்குது?"

ராணி நடந்துகொண்டிருந்தது. நனைந்த மணலில் டொக், டொக், டொக், டொக். நாலு குளம்பும் தனித்தனியாக விழுந்தது. இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். 'தக திமி' மாதிரி நாலு. இதுதான் நடை, ஆங்கிலத்தில் வாக். மணிக்கு ஆறேழு கிலோமீட்டர். பேசிக்கொண்டே போகலாம், கடன் கூடக் கேட்கலாம்.

அப்புறம் நாக்கைச் சொடுக்கினார். ஐயோ! ட்ராட் என்கிற சமாசாரத்தைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாக எலும்பு டாக்டராகத்தான் இருக்கணும். மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால் சேர்ந்து விழும். இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒரு தட்டு, மற்ற ஜோடி அடுத்த தட்டு. தக, தக, தக, தக. ஒவ்வொரு 'தக'வுக்கும் நான் ஓரடி எழும்பி, சேணத்தில் பொத்தென்று விழுந்தேன். பாய் கூடவே ஓடிவந்தபடி கத்தினார். "ஒரு தட்டுக்கு எழுந்திருங்க, மறு தட்டுக்கு உட்காருங்க! அது தூக்கும்போது நீங்களும் எழுந்துக்கணும், தம்பி!"

அந்த ஒரு வாரம் ஆபீஸில் நின்றுகொண்டே ஃபைல் பார்த்தேன். மேனேஜர் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

மேஜையில் விரலால் தட்டித் தட்டியே மூன்றாவது நடையைப் பிடித்தேன். கேன்டர். முதலில் ஒரு பின்னங்கால், அடுத்து ஒரு ஜோடி, கடைசியில் ஒற்றை முன்னங்கால், பிறகு ஒரு கணம் நாலு காலும் அந்தரத்தில். தகிட... தகிட... அப்பட்டமான திஸ்ரம். வேகம் இன்னும் ஏறினால் நடுவிலே இருக்கிற அந்த ஜோடியும் பிரிந்து, மறுபடி நாலு தட்டு ஆகிவிடும். அதுதான் கேலப், நாலுகால் பாய்ச்சல். சினிமாவில் கொட்டாங்கச்சியைத் தட்டி எடுப்பார்களே, அது. அப்போது நாலு காலும் அந்தரத்தில் இருக்கிறதா, இல்லையா என்று வெள்ளைக்காரர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டு, 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் பிடித்துத்தான் தீர்ப்பு வந்தது. இருக்கிறது. ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி கால்களை முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு இல்லை, வயிற்றுக்குக் கீழே மடித்துக்கொண்டு. நம் ஆட்களும் குதிரை நடையை ஐந்தாகப் பிரித்து மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். என்னுடையதை எதில் சேர்ப்பது என்று கேட்காதீர்கள்.

2019 பிப்ரவரி முதல் வாரம் கேஷியர் பீச்சுக்கு வந்தார். கையில் செல்போன், வீடியோ எடுக்க.

பாய் டீ குடிக்கப் போகிறபோது சொல்லிவிட்டுத்தான் போனார். "ஓடணும்னா தண்ணி ஓரமா, ஈர மணல்லயே ஓடுங்க. மேல காஞ்ச மணல் பக்கம் வேணாம். கால் புதையும்."

கேஷியர் நின்றது மேலே, காய்ந்த மணலில்.

என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். லகானைத் திருப்பினேன். தகிட, தகிட, தகிட! நிஜமாகச் சொல்கிறேன், பறந்த மாதிரிதான் இருந்தது. கேஷியர் வாய் பிளந்தார். வீடியோ அன்று ராத்திரியே செக்‌ஷன் முழுக்கச் சுற்றியது. தேசிங்கின் மானம் மீண்டது.

அடுத்த ஞாயிறு ட்ராட் போகச் சொன்னேன். தக... தொக. தக... தொக. முதல் தட்டு கனமாகவும் அடுத்தது பயந்த மாதிரியும் விழுந்தது. எனக்கே கேட்டுவிட்டது.

"பாய், தாளம் தப்புது."

இறங்கச் சொன்னார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்திப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கூடவே ஓடி, ட்ராட்டில் விட்டார். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் ராணி தலையை விருட்டென்று மேலே தூக்கியது. வலி உள்ள காலில் பாரம் விழாமல் இருக்க அப்படிச் செய்யுமாம். நொண்டலைக் கண்டுபிடிக்க ட்ராட்தான் ஏற்றது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழவேண்டிய நடை அது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. கேன்டரில் ஒரு கணம் மொத்த பாரமும் அந்த ஒற்றை முன்னங்காலில் நிற்கும். ராணியோடு என் எழுபத்தைந்து கிலோவும் சேர்ந்து, காய்ந்த மணலில்.

கால்நடை டாக்டர், தசைநார் என்றார். பச்சைத் தண்ணீர் ஊற்றணும், கட்டுப் போடணும், இரண்டு மாசமாவது சவாரி கூடாது.

மாசி மகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் மாசி மகம் என்றால் தெரியுமே, சுற்றுப்பட்ட ஊர் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். பீச்சில் மணல் தெரியாது, தலைதான் தெரியும். அன்றைய வசூலில்தான் ராணிக்கு மூன்று மாசக் கொள்ளு.

"பாய், நான்தான்... அன்னைக்கு மேல மணல்ல..."

"தெரியும் தம்பி. டீ குடிச்சிட்டு வந்ததும் குளம்புத் தடத்தைப் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலில் எழுநூறு வருஷம் கழித்து நானும் சேர்ந்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பணம் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கி எண்ணிப் பார்த்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்குக் கொள்ளா வாங்கியாந்துடுங்க. பணமா இருந்தா செலவாயிடும்."

"மகத்தன்னிக்கு என்ன பண்ணுவீங்க?"

"அத விட்டு ஓட்ட மாட்டேன். வேற ஏதாவது பாப்போம்."

மாசி மகத்தன்று லீவு போட்டேன். முன்னங்காலில் வெள்ளைக் கட்டோடு, பிடரியில் கதம்பம் சுற்றிக்கொண்டு, தென்னங்கீற்றுப் பந்தல் நிழலில் ராணி நின்றது. பக்கத்தில் குழந்தைகளை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், இருபது ரூபாய். ஏறக் கூடாது. கூவிக் கூட்டம் சேர்க்கிற வேலை எனக்கு.

"வாங்க சார், வாங்கம்மா! குதிரையோட போட்டோ! பின்பக்கம் மட்டும் போகாதீங்க!"

மத்தியானம் குடும்பத்தோடு கேஷியர் வந்தார். கழுத்தில் துண்டும் கையில் சில்லறைப் பையுமாக என்னைப் பார்த்தார். வீடியோ எடுக்கவில்லை. நாற்பது ரூபாய் கொடுத்து இரண்டு பிள்ளைகளையும் ராணி பக்கத்தில் நிறுத்தினார். சவாரி வசூலில் பாதி கூடத் தேறவில்லை. பாய் அதைத் துண்டில் முடிந்துகொண்டு, முதலில் ராணிக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மே மாசம் கடைசியில் ஒரு ஞாயிறு, "ஏறுங்க" என்றார். தண்ணீர் ஓரமாகவே நடந்தோம். நாக்கைச் சொடுக்கினார். ராணி ட்ராட்டில் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன்.

"என்ன கேக்குது?"

"தக, தக. ரெண்டும் ஒண்ணாத்தான் விழுது பாய்."

"அப்ப இறங்குங்க. இன்னைக்கு இது போதும்."