வங்கத்துப் பேய் வீடுகள்

நாம் தீபாவளி நீராடும் அதே சதுர்த்தசித் திதியை வங்காளிகள் பூத சதுர்த்தசி என்கின்றனர். 14 வகைக் கீரை சமைத்துண்டு, மாலையில் 14 அகல் ஏற்றிப் பேய்களை விலக்குவது அவர்தம் மரபு. அடுத்து வரும் அமாவாசை இரவில் காளி பூஜை. பந்தல்களில் அன்னையின் இருமருங்கும் டாகினி, யோகினி என்னும் கோர உருவங்கள் நிற்கும். முதன்முறை காணும் நம் பிள்ளைகள் தாயின் சேலைத் தலைப்பில் முகம் புதைத்துக்கொள்வது இயல்பே.

சென்ற ஆண்டு, துர்கா பூஜை முடிந்த சில நாட்களில், நம்மவர் குடும்பங்கள் சில பிள்ளைகளுடன் குமார்டுலி சென்றோம். சோபாபஜார் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். அங்கே மூங்கிற் சட்டத்தில் வைக்கோலை வரிந்து கட்டிக் களிமண் பூசி உலர்த்துகின்றனர். வெள்ளை தீட்டிய பின்னரே வண்ணம் ஏறுகிறது. தலையின்றி நின்ற டாகினி ஒன்றைப் பிள்ளைகள் அஞ்சாது தொட்டுப் பார்த்தனர்.

மேளாக்களில் அமைக்கும் பேய் வீடும் இத்தகைய கைவேலையே. கறுப்புத் துணி அடைத்த குறுகிய வழி, முன்னே வருவது தெரியாதபடி அடிக்கடி திருப்பம், மங்கிய விளக்கு, எதிர்பாராத ஓசை. கண்ணாடியைச் சாய்வாக நிறுத்தி, மறைவில் ஒளியூட்டிய மனிதரின் பிம்பத்தை அதில் ஆவியாகக் காட்டும் உத்தியை 1862-ல் லண்டனில் பேராசிரியர் பெப்பர் அரங்கேற்றினார். கட்டணம் கொடுத்து நுழைகிறோம், அலறுகிறோம், வெளிவாயிலில் சிரிக்கிறோம். அந்த வெளிவாயில் இருப்பதால்தான் அச்சம் விளையாட்டாகிறது.

வெளிவாயில் இல்லாத அச்சமோ பெருந்தீங்கு. இரயில்வேயில் பணிபுரியும் எம்போன்றோர் மறக்கலாகாத உதாரணம், இம்மாநிலத்துப் புருலியா மாவட்டத்தின் பேகுன்கோடர் நிலையம். வெள்ளைச் சேலை உடுத்த பெண்ணுருவம் ஒன்று அங்கு உலவுவதாக எழுந்த பேச்சால் 1967-ல் அந்நிலையம் கைவிடப்பட்டது. 42 ஆண்டுகள் வண்டிகள் நில்லாமலே கடந்தன. சுற்றுப்புறத்துக் கிராமத்தார் வேறு நிலையம் நாடிச் செல்ல நேர்ந்தது. 2009-ல்தான் அங்கு மீண்டும் வண்டி நின்றது. அதன்பின்னும் பேய் காணும் ஆவலில் வெளியூரார் வரலாயினர். 2017 டிசம்பரில் பகுத்தறிவு இயக்கத்தார் ஓரிரவு தங்கி ஆராய்ந்தனர். ஆவி எதுவும் அகப்படவில்லை. மறைந்து நின்று அச்சுறுத்த முயன்ற மனிதர் சிலரே தென்பட்டனர்.

ஆதலின் அன்பர்களே, "பேயாவது, பிசாசாவது!" என்று பிள்ளைகளை அதட்டி அடக்குவதினும், ஒருமுறை குமார்டுலிக்கு அழைத்துச் செல்லுங்கள். வைக்கோலைத் தொட்டறிந்த பிள்ளை, பின்னர் ஊரார் சொல்லும் பேய்க் கதையையும் அவ்வாறே தொட்டுப் பார்க்கத் துணியும்.