வரிசையில வாங்க சார்!

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு வரிசையைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் ராத்திரியே இடம் பிடிச்சு உக்காந்து பரமபத வாசல் தாண்டுற ஆளுங்க நாங்க. பக்கத்துலயே சிபாரிசுல உள்ள போறவங்களையும் பார்த்துத்தான் வளர்ந்தோம்.

போன் வேணும்னு அப்பா பணம் கட்டினது 1988ல. மாசாமாசம் 1-ஆம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி திருச்சிக்குப் போய், "நம்ம நம்பர் எங்க சார் நிக்குது?"ன்னு கேட்டுட்டு வருவார். எங்களுக்கப்புறம் பதிஞ்ச பக்கத்து வீட்டுக்கு போன் வந்துடுச்சு. எம்.பி. லெட்டராம். அப்பல்லாம் அதுக்குன்னே கோட்டா உண்டு. கும்பகோணத்துல பாட்டி தவறின செய்தி அந்த வீட்டு போனுக்குத்தான் வந்தது. அவங்க ஊர்ல இல்லை. எங்களுக்கு மறுநாள்தான் தெரிஞ்சது. அப்பா போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது.

எங்க போன் 1994ல வந்தது. அதே வருஷம் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்து தனியாருக்குக் கதவு திறந்தது. "இனிமே லெட்டரெல்லாம் செல்லாதுடா"ன்னு அப்பா சந்தோஷப்பட்டார்.

1995 ஜூலை 31ல ஜோதிபாசு கொல்கத்தாவுலேர்ந்து நாட்டோட முதல் செல்போன் அழைப்பைப் பேசினது அமைச்சர் சுக்ராம்கிட்ட. அதே வருஷம் தொலைபேசி லைசென்ஸ் டெண்டர்ல ஒரே கம்பெனி 9 வட்டங்கள்ல முதலிடம் வர, ஒருத்தருக்கு 3 வட்டம்தான்னு டெண்டரைத் திறந்தப்புறம் விதி வந்தது! நாடாளுமன்றமே முடங்கிச்சு. 1996ல சுக்ராம் வீடுகள்ல சிபிஐ கட்டுக்கட்டா 3 கோடிக்கு மேல எடுத்தது. பின்னாடி ஊழல் வழக்குகள்ல தண்டனையும் வாங்கினார்.

அடுத்தது நம்ம பக்கத்து ஊர்க்காரர், பெரம்பலூர் ராசா. 'முதலில் வருபவருக்கு முதலில்'னாங்க. அக்டோபர் 1, 2007 வரைக்கும் விண்ணப்பிக்கலாம்னு சொல்லிட்டு, செப்டம்பர் 25 வரை வந்தது மட்டும்தான்னு 2008 ஜனவரி 10ல அறிவிச்சாங்க. அன்னிக்கே சாயங்காலம் 3.30லேர்ந்து 4.30க்குள்ள வந்து கடிதத்தை வாங்கிக்கணுமாம். விலை? 2001ல போட்ட அதே 1,658 கோடி. டிவி பார்த்துட்டிருந்த அப்பா சிரிச்சார். "ஆறு வருஷம் நின்னவன்டா நான். நடுவுல விதியை மாத்தினா அது க்யூ இல்லை."

2012 பிப்ரவரி 2ல உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸையும் ரத்து பண்ணிச்சு. அதுல ஒரு புதுக் கம்பெனியோட மலிவு சிம்தான் (பேர் வேண்டாமே) அப்பாகிட்ட இருந்தது. கடை மூடறாங்கன்னதும் நம்பரை மாத்த, 70 வயசுல தில்லைநகர்ல வெயில்ல நின்னார். "மறுபடியும் க்யூவா?"ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டார்.

2017 டிசம்பர் 21ல சிறப்பு நீதிமன்றம் ராசா உள்பட எல்லாரையும் விடுவிச்சது. சிபிஐயோட மேல்முறையீட்டை 2024ல தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏத்துக்கிட்டது. குற்றமா இல்லையான்னு கோர்ட் சொல்லட்டும். ஆனா லைசென்ஸ் ரத்துங்கிற தீர்ப்பு மாறலை. அன்னிக்கு ஏகப்பட்ட கம்பெனிங்க முட்டி மோதின சந்தையில இன்னிக்கு மிச்சம் தனியார்ல மூணு, கூட பிஎஸ்என்எல்.

போன் மலிவாச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா லெட்டர் ஒழியலை. எங்க தெருவுலேர்ந்து தில்லிக்குக் குடி போயிடுச்சு, அவ்வளவுதான்.

டிஸ்கி: அப்பா இப்ப இல்லை. அந்த நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு. ரீசார்ஜ் மட்டும் விடாம பண்ணிட்டிருக்கேன்.