ஐம்பது பவுன்

எங்கள் வீட்டில் 'ஐம்பது பவுன்' என்ற சொல் எழுந்தாலே பெரியவர்களின் முகம் இறுகிவிடும். கெடாவில், பீடோங்குக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் என் பாட்டனார் துரை வீட்டுச் சமையற்காரராக இருந்தார். 1934ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய துரை, தம் உயிலில் அவருக்கு ஐம்பது பவுன் எழுதி வைத்திருப்பதாகக் கூறிச் சென்றாராம். பிள்ளைகளாகிய நாங்கள் அதனைத் தங்கப் பவுன் என்றே நம்பியிருந்தோம்! சில ஆண்டுகளில் துரை மறைந்த செய்தி வந்தது, பணம் வரவில்லை. தோட்டத்து ஆங்கிலக் கடிதங்கள் யாவும் பெரிய கிராணியின் கைவழியே வந்த காலம் அது. ஆகவே, கிராணியே விழுங்கிவிட்டார் என்று முடிவாயிற்று. பாட்டனார் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர், திரும்பவில்லை. பாட்டியார் இறுதிவரை கிராணி வீட்டாருடன் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் அவ்வெறுப்பிலேயே வளர்ந்தேன்.

மாணவர்களுக்குக் குடும்ப வரலாறு எழுதும் பணியினை ஒருமுறை கொடுத்தபோது, "ஐயா, உங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றான் ஒரு சிறுவன். இந்தக் குறையைத் தவிரச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அன்றிரவு பாட்டியாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன். துரை எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம் இருந்தது. அதில் அவர் கையொப்பமும் முழுப்பெயரும் இருந்தன.

இங்கிலாந்தில் உயில்களை மெய்ப்பிக்கும் அதிகாரம் முன்பு திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. 1858 ஜனவரி 12 முதல் அது அரசு நீதிமன்றத்துக்கு மாறிற்று. அன்று தொடங்கி, புரோபேட் எனப்படும் அச்சான்று பெற்ற சொத்துகளுக்கு ஆண்டுதோறும் அகரவரிசையில் அட்டவணை உண்டு. இறந்தவர் பெயர், முகவரி, இறந்த நாள், நிறைவேற்றுநர் பெயர், சொத்தின் மதிப்பு ஆகியவை அதில் காணப்படும். இன்று வீட்டிலிருந்தே கணினியில் தேடலாம். நான் இரண்டு இடங்களில் இடறினேன். துரை இறந்தது 1938இன் இறுதியில்; அட்டவணையோ சான்று வழங்கிய ஆண்டின்படி அமைந்தது. எனவே அவர் பெயர் 1939இல்தான் கிடைத்தது. மேலும், சொத்துப் பெறுவோரின் பெயர்கள் அட்டவணையில் இரா. அதற்கு உயிலின் நகலையே கட்டணம் செலுத்திப் பெறவேண்டும்.

நகல் வந்தது. 1931இல், துரை இங்கிருந்தபோதே எழுதிய உயில். உடன்பிறந்தாருக்கும் மருமக்களுக்கும் பங்கு வகுத்தபின், ஓரிடத்தில் ஐம்பது பவுன் இருந்தது. பாட்டனாரின் பெயர் இல்லை. 'என் தமிழ்ச் சமையற்காரன்' என்று மட்டுமே குறிப்பு. அதனுடன் ஒரு நிபந்தனை: தாம் இறக்கும் நாளில் அவன் தம் பணியில் இருத்தல் வேண்டும். அக்கால ஆங்கில உயில்களில் பணியாளருக்கு வைக்கும் கொடைகளில் இது வழக்கமான வாசகமாம். துரை கப்பலேறிய அன்றே பாட்டனாரின் பணி முடிந்துவிட்டது. பணம் புறப்படவே இல்லை. கிராணி எதை விழுங்கியிருக்க முடியும்?

கிராணியின் மகளார் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. நகலை எடுத்துக்கொண்டு சென்றேன். வாசலில் நின்று என் பாட்டனாரின் பெயரைச் சொன்னேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார்.

"உள்ளே வா, தம்பி" என்றார்.

அவ்வரிகளைத் தமிழாக்கிப் படித்தேன். மீண்டும் படிக்கச் சொன்னார். பிறகு உட்சுவரில் மாட்டியிருந்த தம் தந்தையாரின் படத்தைக் காட்டி, "அங்கே போய் நின்று படி" என்றார்.

சென்று, நின்று, படித்தேன்.