மண்ணுக்குள் உருண்ட பாறைகள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சியை நெருங்கும்போது இரண்டு பக்கமும் குன்றுகள் எழும்பும். முழுக்க முழுக்க உருண்டைப் பாறைகளின் குவியல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விளிம்பில் தொற்றிக்கொண்டு, இப்போது விழுமோ பிறகு விழுமோ என்று நிற்கும். பெரியவர்களைக் கேட்டால் பீமன் போட்டது என்பார்கள். படித்தவர்கள் சிலர், ஒரு காலத்தில் இங்கே பெரிய ஆறு ஓடியிருக்கும், அதில் உருண்டு வந்த கற்கள் என்பார்கள். உண்மையில் இந்தப் பாறைகள் உருளவே இல்லை. இருந்த இடத்திலேயே, அதுவும் மண்ணுக்கு அடியில் இருந்தபோதே, உருண்டையானவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு செஞ்சியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மலையைவிட, மலையைச் சுற்றிக் காணாமல்போன மண்தான் கண்ணில் படுகிறது.

இந்தக் கருங்கல்லுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு ஆறி இறுகியது. மேலே கிடந்த சுமை அரித்துப் போகப் போக, அமுக்கம் விட்டுப் பாறை விரிந்தது. நெடுக்கிலும் குறுக்கிலும் படுக்கையிலும் வெடிப்பு விட்டது. அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்கியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வரும் நீர் லேசான அமிலம். கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை அது மெல்லக் களிமண்ணாக்கும். கறுப்புக் காக்காப்பொன் துருவேறி உப்பும். வெங்கச்சங்கல் மட்டும் எதற்கும் மசியாது, மணலாகக் கழன்று விழும். கட்டம் கட்டமாக வெடித்த கல்லின் மூலையை நீர் மூன்று பக்கமிருந்து தாக்கும். விளிம்பை இரண்டு பக்கம், முகத்தை ஒரே பக்கம். அதனால் மூலைதான் முதலில் போகும். மூலைகள் போனால் மிஞ்சுவது உருண்டை. பிறகு சுற்றியிருந்த நைந்த மண்ணை மழை வாரிக்கொண்டு போக, நடுவிலிருந்த கெட்டிக் கற்கள் அப்படியே இறங்கி ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. நைய வைப்பது ஒரு வேலை, வாரிக்கொண்டு போவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்தது பெரும்பாலும் தண்ணீர்தான்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றுக்குப் படியேறுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பக்கத்துப் பாறையை விரலால் தட்டிப் பாருங்கள். சில இடங்களில் கெட்டியான ஓசை வரும். சில இடங்களில் 'டொக்' என்று உள்ளே காலியாக ஒலிக்கும். அங்கே மேல்தகடு தாய்ப்பாறையை விட்டுக் கழன்றுவிட்டது, விழவில்லை, அவ்வளவுதான். கீழே உதிர்ந்து கிடக்கும் சில்லு ஒன்றை எடுத்து நெருக்கினால் விரலுக்குள் பொடியும். கண்ணாடி மாதிரி மின்னுகிற துணுக்குகள் மணல். சுண்ணாம்புபோல் வெளுத்து விரலில் ஒட்டுவது களிமண்ணாகிக்கொண்டிருக்கும் ஃபெல்ட்ஸ்பார். கல் மண்ணாகும் கட்டத்தை இத்தனை அருகில் பார்க்க வேறெங்கும் போக வேண்டியதில்லை.

பகல் வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கிப் பாறை உடைகிறது என்று பள்ளியில் படித்தோம். 1936-இல் வெளியான ஆய்வில் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் கிரானைட் துண்டு ஒன்றை 89,400 முறை சூடாக்கி ஆறவைத்தார். 244 ஆண்டுகளின் பகல் இரவுக்குச் சமம். கல்லில் கண்ணுக்குத் தெரியும் மாற்றமே இல்லை. தண்ணீர் தெளித்து ஆறவைத்தபோதுதான் மேற்பரப்பு மங்கி விரிசல் கண்டது. வெயிலுக்குப் பங்கில்லை என்று இதைக் கொண்டு முடிவுகட்டிவிட முடியாது. சூடும் கல்லை விரிசல்விட வைக்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கல்லை மண்ணாக்க வெயில் மட்டும் போதாது.

கழுவிப் போன மண் எங்கே? செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி அதைச் சுமந்து வீடூர் வழியாகப் புதுச்சேரிக் கடலுக்குப் போகிறது. வழியில் திருவக்கரையில், என்றோ வெள்ளம் கொண்டுவந்து மணலில் புதைத்த மரங்கள் இன்று கல்லாகக் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. மரத்தை மூடிய மணலும் இறுகி மணற்பாறையாயிற்று. அதையும் மழை அரிக்கத் தொடங்கிவிட்டது. கல் மண்ணாகி, மண் கல்லாகும் இந்தச் சுற்றின் நடுவே சில அடி ஆழத்துக்குத் தங்கி நிற்கும் மண்ணில்தான் நம் நெல்லும் மணிலாவும் விளைகின்றன.

செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைப் பாறைகளுக்குக் காவல் உண்டு. கோட்டைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க இதே போன்ற கரடுகள் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் உடைபடுகின்றன. 'எப்படியும் ஒருநாள் மண்ணாகப் போகிற கல்தானே' என்று சிலர் சொல்வது தவறு. கிரஷர் தருவது கல்தூள். அதில் ஃபெல்ட்ஸ்பார் ஃபெல்ட்ஸ்பாராகவே இருக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண் அதில் இல்லை. பயிருக்கு வேண்டிய பொட்டாசியமும் பெரும்பாலும் கல்லுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். மழை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்யும் வேலையை இயந்திரத்தால் செய்ய முடியாது. பாறைமேல் பெய்யும் மழை வழிந்து அடிவாரத்து ஏரிக்கும் கிணற்றுக்கும் போவதும் குன்றோடு சேர்ந்து நின்றுபோகும்.

வீடு கட்டக் கல் வேண்டும், அதை மறுக்கவில்லை. எந்தக் குன்றை, எவ்வளவு ஆழத்துக்கு, யாருடைய ஒப்புதலோடு உடைக்கிறார்கள் என்று கேட்பது நம் உரிமை. உங்கள் ஊர்க் கரட்டுக்குக் குவாரி வருகிறது என்று தெரிந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.