"தண்ணி வருமுங்களா?"

ஜியாலஜி படிக்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "கல்லை உடைச்சு என்னம்மா பண்ணப் போறே?" ஃபீல்டுக்குப் போனால் கேள்வி மாறிவிடும். கையில் சுத்தியலையும் காம்பஸையும் பார்த்த அடுத்த நிமிஷம், "ஏனுங் கண்ணு, இங்க தண்ணி வருமுங்களா?"

எம்.எஸ்சி. மேப்பிங் கேம்ப், திருச்செங்கோடு பக்கம், பத்து நாள். பாறைப் பைத்தியங்களுக்கு அந்த ஏரியா கல்யாண விருந்து! கிழக்கே கொல்லிமலை... எண்ணெய் தடவினாற்போல மினுங்கும் சார்னோகைட். (கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில் இருக்கும் கல்லும் இதே வகை, நம்ம பல்லாவரம் பக்கத்துப் பாறை. அதை ஆராய்ந்துதான் 1893-ல் தாமஸ் ஹாலந்து இந்தப் பெயரை வைத்தார்.) தெற்கே சித்தம்பூண்டியில் வெளிறிய அனார்த்தோசைட். நிலாவின் மேட்டுநிலங்களில் இருக்கும் வகை. சந்திரயான்-2 லேண்டரைச் சோதிக்க இஸ்ரோ நிலா மண் தயாரித்தது இந்தப் பக்கத்துக் கல்லை அரைத்துத்தான். இவற்றின் வயசு சுமார் 250 கோடி வருஷம். நடுவில் கோடு கோடாக நைஸ், அதைக் கிழித்துக்கொண்டு வந்த இளஞ்சிவப்பு கிரானைட். கிரானைட் மட்டும் ரொம்பப் பிற்பாடு பிறந்த பொடியன்.

அழகெல்லாம் சரி. ஆனால், எல்லாமே பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகினவை. மணற்கல் மாதிரி உள்ளே நுண்துளை கிடையாது. தண்ணி ஒன்று மேலே உதிர்ந்துபோன பகுதியில் தேங்கணும், இல்லை விரிசலில் ஓடணும். பொதுவாக ஆழம் போகப் போக விரிசலும் குறைந்துவிடும்.

ஆறாம் நாள் ஒரு பெரியவர் தோட்டம். ஏற்கெனவே மூணு போர், கடைசியாகப் போட்டது ஆயிரம் அடி. "மூணுலயும் புழுதிதானுங்க பறந்துச்சு." வீட்டம்மா நகை பேங்கில். நாலாவதுக்கு ஒருத்தர் உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்த்து, சுண்ணாம்பால் பாயின்ட் போட்டிருந்தார். மறுநாள் ரிக் வண்டி வருகிறது. திருச்செங்கோட்டில் ரிக்குக்கா பஞ்சம்? இந்தியா பூரா போர் போடக் கிளம்பும் வண்டிகளின் ஊரே அதுதானே!

எங்க சார் பாயின்ட்டைப் பார்க்கவில்லை. "கிணறு எங்கீங்க?" என்றார். கிணத்துச் சுவர் எங்களுக்கு அறுத்து வைத்த பலாப்பழம் மாதிரி, உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். படி இறங்கினோம். மேலே பதினஞ்சு அடி உதிர்ந்த பாறை. அதற்குக் கீழே ஐம்பது அடி வரை ஒரே முட்டாக கிரானைட். சுற்றிச் சுற்றித் தேடியதில் கசிவுக் கறையோடு செங்குத்தாக ஒரே ஒரு விரிசல். நான் காம்பஸ் வைத்து அளந்தேன்... வடகிழக்கு. மேலே ஏறி அந்தத் திசையில் நடந்தோம். நிலத்தின் மூலையை உரசிவிட்டு, விரிசல் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. சுண்ணாம்புப் பாயின்ட் இருந்ததோ, காலையில் நாங்கள் வரைபடத்தில் குறித்த விரிசலே இல்லாத மொட்டைப் பாறையின் தொடர்ச்சியில்.

"ஐயா, வரவே வராதுன்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா மூணு தடவை கிடைச்ச பாறைதான் இங்கயும் கிடைக்கும். நான் உங்க மகனா இருந்தா போட விடமாட்டேன். அந்தக் காசுல கிணத்தைத் தூர் வாருங்க. மழைத்தண்ணியை மேல இருக்கிற உதிர்ந்த பாறையில இறங்க விடுங்க."

பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "தேங்கா பார்த்தவரு எரநூறு அடியில வரும்னாருங்களே..."

தேங்காய்க்காரருக்குப் பாயின்ட் போட்டால்தான் காசு. ரிக்காரருக்கு அடிக் கணக்கில் காசு. 'வேண்டாம்' என்று சொல்ல மட்டும் அந்த ஊரில் யாருக்கும் சம்பளம் இல்லை. எங்க சிலபஸிலும் அதுக்கு ஒரு சேப்டர் கிடையாது.

செல்லை எடுத்தார். "வண்டி நாளைக்கு வேண்டாங்க... ரெண்டு நாள் கழிச்சு சொல்றனுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தால என்ற மச்சான் தோட்டம் இருக்குதுங் கண்ணு. அவனும் நாலாவது போடறேங்கறான். கெணத்தைப் பார்த்துட்டுப் போயிருங்க."

அன்றைய மேப்பிங் அதோடு சரி.