முதலில் சூரியகாந்தி!

சண்டையில் இரண்டு வகை உண்டு ஸார். தேடிப் போய் அடிப்பது ஒன்று. வாசலிலேயே உட்கார்ந்து, வருகிறவனைச் சமாளிப்பது இன்னொன்று. மாதச் சம்பளக்காரனுக்கு வாய்த்தது இரண்டாவதுதான். வாடகை, கரண்ட் பில், கல்யாண மொய், கடன் தவணை... நாம் எங்கேயும் போக வேண்டாம். எல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு நம்மைத் தேடியே வரும்.

இந்த இரண்டாவது வகைச் சண்டையையே ஆட்டமாக்கி கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். 'டவர் டிஃபென்ஸ்' என்று பெயர். எதிரி ஒரு பாதையில் வருவான். பாதை ஓரமாக நாம் காவல் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதில் என்னை வளைத்துப் போட்டது, 2009 மே மாதம் பாப்கேப் என்ற அமெரிக்க கம்பெனி வெளியிட்ட 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்'.

கதை ரொம்பச் சின்னது. உங்கள் வீட்டு முன்னால் புல்தரை. குறுக்கே ஐந்து வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம். வலது பக்கத்திலிருந்து செத்தும் நடக்கிற பிணங்கள், அதாவது ஜாம்பிகள், திங்கட்கிழமைக் காலை ஆபீஸ் போகிறவர்கள் மாதிரி தள்ளாடித் தள்ளாடி வருகின்றன. வந்து உங்கள் மூளையைச் சாப்பிடுமாம். (சிலர் வீட்டில் ஏமாந்துதான் போகும்!) துப்பாக்கி கிடையாது. நம் ஆயுதம் செடிகள்தான். பட்டாணி துப்பும் செடி, கொஞ்ச நேரம் மெல்லக் கொடுத்துத் தடுக்கிற வால்நட், வரிசையை மாற்றி ஓட வைக்கிற பூண்டு.

வருகிறவர்களிலும் தினுசு தினுசாக உண்டு. ஒருவன் தலையில் இரும்பு வாளி கவிழ்த்திருப்பான். எத்தனை பட்டாணி பட்டாலும் டங் டங் என்று சத்தம்தான் வரும். ஒருவன் கம்பை ஊன்றி முதல் செடியைத் தாண்டிக் குதித்துவிடுவான். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டே சாவகாசமாக வருவார். பேப்பரைக் கிழித்துவிட்டால் போச்சு, கண் சிவந்து ஓட்டமாக ஓடி வருவார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இதில் எங்கே ஸார் மூளைக்கு வேலை என்கிறீர்களா? வருகிறேன்.

செடி வைக்கக் காசு வேண்டும். இங்கே காசு என்பது வெயில். பகலில் வானத்திலிருந்து எப்போதாவது 25 வெயில் விழும். போதாது. பட்டாணிச் செடி 100. சூரியகாந்தி 50. சூரியகாந்தி யாரையும் அடிக்காது. சும்மா தலையாட்டிக்கொண்டு நிற்கும். சுமார் 24 விநாடிக்கு ஒரு தரம் 25 வெயில் கொடுக்கும். ஆக, இரண்டு தடவை கொடுத்தால் போட்ட முதல் கைக்கு வந்தாச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம்.

மொத்த ஆட்டமும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. கையில் இருக்கிற வெயிலை இப்போது வருகிறவனுக்காகச் செலவழிப்பதா, இல்லை நாளைக்கு வெயில் தருகிற செடியில் போடுவதா? காவல் மட்டுமே வைத்தால், வாளித் தலையன் வரும்போது கஜானா காலி. சூரியகாந்தி மட்டுமே வைத்தால், அழகான தோட்டம் இருக்கும். நாம் இருக்க மாட்டோம்.

ஆட்டத்தை அமைத்த ஜார்ஜ் ஃபேன் கெட்டிக்காரர். முதலில் சூரியகாந்திக்கும் 100 என்றுதான் வைத்திருந்தாராம். புதிதாக ஆடுகிறவர்கள் அதைச் சீந்தவில்லை. விலையை 50 ஆகக் குறைத்தார். ஆரம்பத்தில் கையில் கொடுப்பதும் 50 தான். பட்டாணிச் செடி வாங்க முடியாது, கை தானாகச் சூரியகாந்திப் பக்கம் போகும்! 2012-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கேம் மாநாட்டில், தன் அம்மாவையே இந்த ஆட்டத்தை ஆட வைத்தது எப்படி என்று ஒரு சொற்பொழிவே செய்தார். பாடம் நடத்துவதே தெரியாமல் பாடம் நடத்துவதுதான் அவர் வித்தை.

அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்த ஒருவரை எனக்குத் தெரியும். 2010-ல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் ரூம்மேட். திண்டுக்கல் பக்கம். ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, சம்பளம் 9,000. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் 80,000, இரண்டு வட்டி. மாதம் 5,000 ஊருக்கு அனுப்பிவிடுவார். மிச்சத்தில் ரூம், மெஸ், பஸ். ராத்திரி என் லேப்டாப்பில் ஜாம்பி ஆட்டம், அது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

ஒருநாள் ராத்திரி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, நான் வெறும் பட்டாணிச் செடியாவே வெச்சுக்கிட்டு இருக்கேண்ணே."

"அதான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கீங்களே?"

"ஆட்டத்துல இல்லண்ணே. சம்பளத்துல."

விடிய விடியக் கணக்குப் போட்டார். ஆட்டத்தில் உருளைக்கிழங்குக் கண்ணிவெடி ஒன்று உண்டு. விலை வெறும் 25. தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்கும், ஆனால் முதலில் வருகிற ஒற்றை ஜாம்பிக்கு அது போதும். அந்தச் சந்தில் இன்னும் இரண்டு சூரியகாந்தி வைத்துவிடலாம். அதே மாதிரி, ஆறு மாதத்துக்கு வட்டி 1,600 மட்டும் கட்டுவது, மீதியில் சாயங்காலக் கம்ப்யூட்டர் அக்கவுண்ட்ஸ் கோர்ஸ் சேருவது என்று முடிவு. கடன் கொடுத்தவரிடம் நேரில் போய்ச் சொன்னார். அவருக்கென்ன, அசல் அப்படியே நின்றால் வட்டி அப்படியே வருமே! தாராளமாகத் தலையாட்டினார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என் தோடு சும்மாதானே கெடக்கு, அதை வெச்சு அசல்ல பாதியைக் குறைச்சுடேன்" என்றார்.

நம்ம ஆள் மறுத்துவிட்டார். ஆட்டத்தில் ஒவ்வொரு வரிசைக் கோடியிலும் ஒரு புல் வெட்டும் மிஷின் நிற்கும். ஜாம்பி வீட்டு வாசல்வரை வந்துவிட்டால் அது தானாகக் கிளம்பி அந்த வரிசையையே துடைத்துவிடும். ஆனால் ஒரே ஒரு தடவைதான். அடுத்தவன் அதே வரிசையில் வந்தால் நேரே வீட்டுக்குள்தான். "தோடு அந்த மிஷின்ணே. தோட்டத்துல இன்னும் செடி வைக்க எடம் இருக்குறப்போ அதை ஓட விடலாமா?"

மூன்றாம் மாதமே வாளித் தலையன் வந்தான். அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிச் செலவு. கோர்ஸை விடுவதா, தோட்டை வைப்பதா? இரண்டு நாள் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஆபீஸ் சீட்டை நிறையத் தள்ளி எடுத்துச் சமாளித்தார். ஒரு மிஷின் ஓடிவிட்டது. தோடு தப்பித்தது.

கோர்ஸ் முடிந்து இரண்டு மாதம் அலைந்த பிறகு 14,000 சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. கடன் எப்போது அடைந்தது தெரியுமா? பழையபடி மாதம் 5,000 கட்டியிருந்தால் இருபது மாதத்தில் அடைந்திருக்கும். இவருக்கு அதைவிட மூன்று மாதம் அதிகம் பிடித்தது. 'இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று கேட்பீர்கள். கடன் அடைந்த அன்றைக்கு அவர் சம்பளம் 9,000 இல்லை ஸார், 14,000. தோட்டத்தில் சூரியகாந்தி நின்றுகொண்டிருந்தது!

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வீட்டு வாடகையை நிறுத்திவிட்டுக் கோர்ஸில் சேர்ந்துவிடாதீர்கள். ஆட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் வித்தியாசம் உண்டு. ஆட்டத்தில் 'பெரிய கூட்டம் வருகிறது' என்று முன்கூட்டியே எழுத்துப் போட்டுச் சொல்வார்கள். இங்கே யாரும் சொல்வதில்லை. ஆட்டத்தில் வைத்த சூரியகாந்தி பூத்தே தீரும். இங்கே சில விதை முளைக்காமலும் போகும். அந்தக் கோர்ஸுக்கு வேலை கிடைக்காமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் வட்டியை ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. காவலே இல்லாத வரிசை என்று ஒன்றை அவர் கடைசிவரை விடவில்லை.

இரவுக் கட்டங்களும் உண்டு. வானத்திலிருந்து ஒரு பொட்டு வெயில் விழாது. அப்போதும் விலையே இல்லாத ஒரு குட்டிக் காளான் தருவார்கள். பூஜ்யத்தில் வாங்கலாம், கிட்டத்தில் வந்தால் சுடும். கையில் ஒன்றுமே இல்லாதவனுக்கும் தொடங்குவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

கோர்ஸ் நடந்துகொண்டிருந்த சமயம் அவர் அம்மா ஒருநாள் போன் பண்ணி என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, கடனைக் கேட்டா சூரியகாந்தி போட்டிருக்கேன், சூரியகாந்தி போட்டிருக்கேன்கிறானே... மெட்ராஸ்ல எண்ணெய் வியாபாரம் எதுவும் ஆரம்பிச்சுட்டானா?"