செம்மண் தடத்தில் ஒரு சக்கர வீடு

தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரி என்னும் சிற்றூரிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் நீள்கிறது ஊட்னடட்டா தடம். தாரிடப்படாத செம்மண் சாலை; மழை பெய்தால் அடைத்துவிடுவர். முன்னர் நமது பங்கில் வளர்ந்து, இன்று அடிலெய்டில் வாழும் ஒரு குடும்பத்தாரின் அன்பழைப்பை ஏற்று, ஒரு ஜூலை மாதத்தில் நாம் அவ்வழியே சென்றோம். கணவர், மனைவி, இரு பிள்ளைகள், நாம் ஆக ஐவர். ஊர்தியின் பின்னே காரவன்: கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அடங்கிய சக்கர வீடு.

மாரியில் டயர்களின் காற்றைச் சற்றுக் குறைத்தோம். அவ்வாறு செய்தால் டயர் கற்களின்மேல் வளைந்து கொடுக்கும், குலுக்கலும் தணியும். ஆனால் வேகத்தையும் குறைத்தாக வேண்டும். சாலையோ, ஓடிய சக்கரங்களே உண்டாக்கிய வரிவரியான மேடுகளால் நிறைந்திருந்தது. பேசினால் பற்கள் மோதின. முப்பது கிலோமீட்டர் செல்லுமுன் கூரிய கல்லொன்று காரவனின் டயரைக் கிழித்தது. கணவர் மாற்று டயரைப் பொருத்தினார். வியர்வையும் புழுதியும் அவரது பொறுமையைக் கரைத்துவிட்டன.

சிறிது தொலைவு சென்றதும், "என்னங்க, மாட்டிய சக்கரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார் மனைவி. "இறுக்கித்தானே மாட்டினேன்!" என்று சீறினார் கணவர். ஊர்தியினுள் பேச்சு அடங்கியது. பின்னிருக்கையில் பிள்ளைகள் எமது முகத்தைப் பார்த்தனர். நாம் என் செய்வது? "எமக்குக் கால் மரத்துவிட்டது, தம்பி, சற்று நிறுத்துங்கள்" என்றோம்.

அவ்விடம் தெற்கு ஏர் ஏரியின் ஓரம். கடல் மட்டத்திற்கும் கீழே, உப்பு வெளுத்த பெருவெளி. அவ்வழகை நாம் நோக்கி நிற்கையில் மூத்த பையன் கூவினான். புதிதாகப் பொருத்திய சக்கரத்தின் திருகுகளில் மூன்று விரலாலேயே சுழன்றன! புதிதாய் மாட்டிய சக்கரத்தின் திருகுகள் சிறிது தூரம் ஓடியதும் தளர்வதுண்டு. மீண்டும் இறுக்குவது கட்டாயம். இன்னும் சில கல் தொலைவு சென்றிருப்பின் சக்கரம் கழன்று, காரவன் கவிழ்ந்து, ஊர்தியையும் இழுத்திருக்கும். கணவர் ஒன்றும் பேசாது ஸ்பானரை எடுத்தார். மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிக் காட்டாத அப்பெருந்தன்மையை நாம் மறவோம்.

மாலையில் கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமை அடைந்தோம். 1980-இல் கைவிடப்பட்ட பழைய 'கான்' இருப்புப்பாதையின் நிலையம் அது. ஒட்டகம் ஓட்டிய ஆப்கானியரின் நினைவாக வந்த பெயர் அது என்பர். பேரீச்ச மரங்களினூடே, நிலத்தடியிலிருந்து பொங்கும் வெதுவெதுப்பான நீரில் பிள்ளைகள் குதித்தனர். சுமார் 17 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த நிலத்தடி நீர்ப்பரப்பின் கொடை அது. அருகேயுள்ள ஊற்றுகள் அரபானா மக்களின் பூர்வீகச் சொத்து. அந்நிலத்தின் மீது அவர்தம் உரிமையை 2012-இல் நீதிமன்றம் ஏற்றது.

மறுநாள் விடியலில் நாம் எழுந்தபோது, எவரும் சொல்லாமலே கணவர் சக்கரந்தோறும் குனிந்து திருகுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். மனைவி விளக்கைப் பிடித்திருந்தார். "அவள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், சாமி" என்றார் அவர், எம்மை நோக்கி அல்ல, அவரை நோக்கியே.

இல்லறத்தைக் கரடுமுரடான வழியில் இழுத்துச் செல்வோரே, ஒருவர் சொல்ல மற்றவர் நின்று பார்ப்பதில் இழுக்கேதும் இல்லை.